பூவேலை மிஷினுக்கு அடித்த ஸ்ப்ரே

அந்தத் தெருவில் அவளுக்குப் பூவேலைக்காரி என்று பெயர். துணியில் கம்ப்யூட்டர் மிஷின் வைத்துப் பூவும் எழுத்தும் பள்ளிக்கூட முத்திரையும் போட்டுக் கொடுக்கிறவள். அவசரத்தில் யாராவது முன்னாலிருக்கும் 'பூ'வை விழுங்கிவிட்டு வெறும் வேலைக்காரி என்று கூப்பிட்டால், அன்றைக்கு அவர்கள் துணி கடைசியாகத்தான் மிஷினில் ஏறும்.

மிஷின் வீட்டின் முன் அறையில் இருந்தது. பன்னிரண்டு ஊசி, தலைக்கு மேல் கம்பிக் கொத்து மாதிரி நூல்கண்டுகள், பக்கத்தில் ஒரு சின்னத் திரை. மாமியார் இருந்த வரைக்கும் அது அவர் அறை. அவர் போன பிறகு அறை யாருக்கு என்று கொஞ்ச நாள் ஒரு பேச்சு ஓடியது. வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் இவள் புருஷன், லாரி பார்சல் ஆபீசில் வேலை. பார்சல் உடைந்து வந்தால் ஏற்றிய இடத்தில் உடைந்ததா இறக்கிய இடத்தில் உடைந்ததா என்று அட்டையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். சின்னவன் கல்யாணமாகாதவன். மாடி அறையில் படுக்கை, கீழே அண்ணியிடம் சாப்பாடு. தெருமுனையில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவன் ரிப்பேர் கடை. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், ரிமோட், தராசு என்று எது வந்தாலும் முதலில், வயர் இணைப்புகளின் அழுக்கை எடுக்கிற காண்டாக்ட் கிளீனர் டப்பாவை எடுத்து 'புஸ்' என்று ஒரு அடி அடித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பான். பாதிச் சாமான்கள் அதிலேயே உயிர் பிழைத்து எழுந்துவிடும். அதனால் அவனுக்கு ஸ்ப்ரேக்காரன் என்று பெயர் விழுந்திருந்தது. படிக்கட்டுக்கு அடியில் நிமிர்ந்து உட்கார முடியாது. முன் அறை கிடைத்தால் கடையை இங்கே கொண்டு வந்துவிடுவேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அதற்குள் இவள் மிஷினுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டாள். சரி அண்ணி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தச் 'சரி'யை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காற்று அடிக்கிற மாதம். ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி எந்த வழியாகவோ வந்து மேஜையில் உட்கார்ந்தது. துணிப் பஞ்சும் புழுதியும் சேர்ந்து மிஷினுக்குள் புகுந்துகொண்டன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பீப்' என்று நிற்கும். நூல் அறுந்துவிட்டது என்று திரையில் எழுத்து வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் நூல் விறைப்பாக அப்படியே நிற்கும். ஒரு முத்திரைக்கு மூன்று தடவை இப்படி. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது, எண்ணூறு முத்திரை பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் டப்பாவும் கையுமாக வந்தான். மெயினை அணைத்தாயிற்றா என்று கேட்டான். அணைத்தாயிற்று என்றாள். அது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள் என்றான். மிஷினின் தலைப்பக்க மூடியில் ஒன்பது திருகாணி. ஒவ்வொன்றாகக் கழற்றிக் காந்தத் தட்டில் வைத்தான். முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தள்ளினான். பிறகு வயர்கள் வந்து சேருகிற சொருகுகளைக் கழற்றி, டப்பாவின் மூக்கில் சிவப்புக் குழலைப் பொருத்தி, அளந்து அளந்து அடித்தான். ஐஸ் மாதிரி குளிர்ந்த புகை. மூக்கில் ஏறுகிற ஒரு இனிப்பு வாசனை. அடித்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உலர்ந்தது.

"பத்து நிமிஷம் சும்மா விடணும் அண்ணி. காஞ்ச மாதிரி தெரியும், உள்ள காஞ்சிருக்காது. அதுக்குள்ள கரண்ட் குடுத்தா வம்பு."

அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். மூலைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, இங்கே ஈரம் வருமா அண்ணி என்று கேட்டான். ஒரு டீ கிடைக்குமா என்றான். அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தபோது மூடியை மாட்டி முடித்திருந்தான்.

திங்களும் செவ்வாயும் மிஷின் மூச்சு விடாமல் ஓடியது. புதன்கிழமை அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்டு, பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். வியாழக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டால் திரையில் வெளிச்சமே இல்லை. பிளக்கை மாற்றிச் சொருகினாள். ஸ்டெபிலைசரைத் தட்டினாள். ஒன்றும் இல்லை.

சின்னவனைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் வந்து மூடியைத் திறந்தான். உள்ளே முகத்தைக் கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தான். அண்ணன் செருப்பின் வாரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். சின்னவன் மூடியைத் திரும்ப மாட்டினான்.

"போர்டு போயிடுச்சு அண்ணி. கம்பெனி ஆளையே கூப்பிடுங்க."

எப்படிப் போனது என்று அவள் கேட்டதற்கு, அவங்களே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று மட்டும் சொன்னான். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

அவள் மனதில் அங்கேதான் முள் விழுந்தது. எதைத் தொட்டாலும் அரை மணி நேரம் விளக்கம் சொல்கிற ஆள். ஒரு டார்ச் லைட்டைச் சரி பண்ணிக் கொடுத்தால்கூட அதன் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று கதையாகச் சொல்கிறவன், இவ்வளவு பெரிய மிஷின் செத்துக் கிடக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு போகிறானென்றால் என்ன அர்த்தம்?

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் புருஷனிடம் கேட்டாள். தம்பி ஏதாவது பண்ணியிருப்பானோ என்றாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எல்லாத்துக்கும் ஸ்ப்ரே அடிச்சா இப்படித்தான்," என்றான்.

அந்த ஒரு வாக்கியம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. படுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமையை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். டீ கேட்டது எதற்கு? அவளை அறையை விட்டு அனுப்புவதற்கு. ஈரம் வருமா என்று கேட்டது எதற்கு? கடை போட வசதிப்படுமா என்று பார்ப்பதற்கு. மிஷின் போய்விட்டால் அறை காலி. அன்றைக்குச் 'சரி அண்ணி' என்று சொன்னானே, அந்தச் சரியை இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

மறுநாள் அவள் மிஷின் மூடியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். ஒன்பது திருகாணியில் எட்டு வெள்ளையாக இருந்தன. ஒன்று மஞ்சள். தலையும் பெரிது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. ஒரிஜினல் போர்டைக் கழற்றிக்கொண்டு ஓட்டை போர்டை வைத்துவிட்டான். ரிப்பேர்காரர்கள் இப்படிச் செய்வார்கள் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூடியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள். முன் அறைக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள்.

மதியம் சின்னவன் சாப்பிட வந்தபோது வாய் திறக்காமல் பரிமாறினாள். முட்டைப் பொரியலைத் தட்டின் ஓரத்தில் வைக்காமல் தொப்பென்று சோற்றின் மேல் போட்டாள். முன் அறைப் பூட்டை அவன் பார்த்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாடிப்படியில் பேக்கரிக் கவரின் சரசரப்பு மட்டும் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படி ஒதுங்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் மனதோடு வைத்திருந்தாலாவது போயிருக்கும். பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் சொன்னாள். அக்கா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டவள், ஊசியை எடுத்த பிறகு நாலு பேரிடம் சொன்னாள். கூடப் பிறந்தவன் வீட்டு மிஷினிலேயே போர்டை மாற்றுகிறவன் நம் சாமானை விட்டுவைப்பானா என்று தெரு பேச ஆரம்பித்தது. ஒரு நாள் அவள் காய்கறி வாங்கித் திரும்பும்போது, ஆறு வருஷமாகச் சின்னவனிடமே வேலை கொடுக்கும் மைக்செட்காரர், படிக்கட்டுக் கடையிலிருந்து தன் மிக்ஸரை மூடி திறக்காமலே தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். சின்னவன் தடுக்கவில்லை. குனிந்த வாக்கில் ஏதோ ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த நிமிஷம் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. பிற்பாடு இந்தக் கதையில் எதை மறந்தாலும் அந்த நிமிஷத்தை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

முத்திரை வேலையில் பாதிக்கு மேல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கம்பெனி ஆள் வர இரண்டு வாரம் ஆயிற்று. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற, கொஞ்சம் சிடுசிடுப்பான மனுஷன். மூடியைத் திறப்பதற்கு முன்பே அவள் போட்டோவைக் காட்டி, திருகாணி விஷயத்தையும் போர்டு மாறியிருக்கும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியை இறக்கிப் போர்டின் நம்பரைப் படித்து, கையிலிருந்த தாளோடு ஒத்துப் பார்த்தார்.

"உங்க போர்டுதாம்மா. யாரும் மாத்தல."

பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துப் போர்டின் மேல் ஒத்தி எடுத்தார். தாளில் எண்ணெய்க் கறை படர்ந்தது. பஞ்சும் எண்ணெயும் குழைந்து சொருகுகளின் இடுக்கில் களிம்பாக அப்பியிருந்தது. ஒரு மூலையில் கறுப்பாகக் கருகிய புள்ளி.

"எதை அடிச்சீங்க?"

காண்டாக்ட் கிளீனர் என்றாள் அவள். என் கொழுந்தன்தான் அடித்தார், அவர் மெக்கானிக் என்றாள்.

"கிளீனர் அடிச்சா பத்து நிமிஷத்துல பறந்துடும். தடமே இருக்காது. இது துரு எடுக்கிற ஸ்ப்ரே. கேட்டுக்கு, ஷட்டருக்கு அடிப்பாங்க. அதுவும் கரண்ட் இருக்கும்போதே அடிச்சிருக்காங்க, அதான் எரிஞ்சிருக்கு."

ஒரு மெக்கானிக் இதை அடிப்பாரா என்று கேட்டாள். அவர் அந்த மஞ்சள் திருகாணியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மெக்கானிக்கிட்ட இந்தத் திருகாணி டப்பா டப்பாவா இருக்கும்மா, ஒண்ணு தொலைஞ்சா அதே மாதிரி போட்டிருப்பாரு. இது வீட்டுச் சுவிட்ச் பெட்டியில இருக்கிறது. வீட்டு ஆளு யாரோ திறந்திருக்காங்க."

கருகிய போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புதுப் போர்டை மூன்று நாளில் அனுப்புவதாகவும், சொருகுகளில் இருக்கும் களிம்பை நல்ல ஆளாகப் பார்த்துச் சுத்தம் பண்ணி மாட்டச் சொல்லியும் அவர் போனார். அவள் வீட்டு வாசலின் இரும்பு ஷட்டருக்கு அருகில் போய் நின்றாள். மழைக்காலத்துக்குப் பிறகு கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஷட்டர் இப்போது சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது. அதற்கு எண்ணெய் அடிப்பது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் புருஷன் வந்து கை கால் கழுவி டீக்கு உட்கார்ந்தான். டம்ளரோடு திருகாணியையும் முன்னால் வைத்தாள். அவன் பார்சலைப் பார்ப்பது மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுவிட்ச் பாக்ஸோடது," என்றான். சொன்ன பிறகுதான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று முகத்தில் தெரிந்தது.

மெதுவாக வெளியே வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன புதன்கிழமை அவனுக்கு லீவு. அவள் திரும்பி வரும்போது ஐம்பது முத்திரையாவது தயாராக இருந்தால் சந்தோஷப்படுவாளே என்று மிஷினைப் போட்டிருக்கிறான். நாலாவது முத்திரையிலேயே மறுபடியும் 'பீப்'. ஞாயிற்றுக்கிழமை தம்பி செய்ததை வாசலிலிருந்து பார்த்தவன்தானே, அதேதானே என்று ஷெல்ஃபில் இருந்த ஷட்டர் டப்பாவை எடுத்திருக்கிறான். இரண்டும் நீல டப்பா, இரண்டுக்கும் சிவப்புக் குழல். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றவில்லை. 'டப்' என்றதும் திரை அணைந்தது. பதற்றத்தில் மூடியை மாட்டும்போது ஒரு திருகாணி எங்கோ உருண்டு போய்விட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லத்தான் இருந்தேன். நீ எடுத்த எடுப்புல தம்பிதான்னு ஆரம்பிச்சுட்ட."

"நான் ஆரம்பிச்சேன். நீங்க ஆமாம் போட்டீங்க."

அவன் டீயைக் குடிக்காமல் டம்ளரை நகர்த்தி வைத்தான். அவளுக்குக் கத்த வேண்டும் என்று இருந்தது. ஆனால் வாயெடுத்தால் பாதிக் குற்றம் தன் பக்கம் திரும்பும் என்பதும் தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் லேசான தூறல். காற்று நின்று புழுதி அடங்கியிருந்தது. அவள் படிக்கட்டுக் கடைக்குப் போனாள். கடையில் சாமான்களைவிட இடம்தான் அதிகமாக இருந்தது. சின்னவன் அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. கம்பெனி ஆள் சொன்னதை ஆரம்பித்தாள்.

"தெரியும் அண்ணி," என்றான்.

"தெரியுமா?"

"அன்னிக்கு மூடியைத் திறந்ததுமே வாசனை வந்துச்சு. ஷட்டருக்கு அடிக்கிற ஸ்ப்ரே. அண்ணனைப் பாத்தேன். அவரு செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி. இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"அவரு சொல்லுவாருன்னு இருந்தேன் அண்ணி. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. அப்புறம் நீங்க ரூமைப் பூட்டினீங்க. அதுக்கு மேல நான் வாயைத் திறந்தா, தப்பிக்க அண்ணன் மேல பழி போடறான்னு ஆயிடும்."

அவள் மன்னிப்பு என்கிற வார்த்தையைத் தேடினாள். அது வாய்க்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு வா என்றுதான் வந்தது. பார்க்கலாம் அண்ணி என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனை மைக்செட்காரர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. மைக்செட்காரர் வாசலில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது பொய், கொழுந்தன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவள் சொன்னாள். அவர் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப மிஷினைக் கெடுத்தது யாரு?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். சின்னவன் இரண்டு வாரத்துக்கு மேல் எதற்காகக் காத்திருந்தானோ அதற்காக அவளும் நின்றாள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சைக்கிள் போயிற்று. புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நான்தாங்க," என்றான் கடைசியில். "டப்பா மாத்தி அடிச்சுட்டேன்."

மைக்செட்காரர் சிரித்துவிட்டார். அடப்போங்கப்பா, இதுக்கா இத்தனை ரகளை, நானே ஒரு தடவை ஸ்பீக்கருக்குக் கொசு மருந்து அடித்திருக்கிறேன் என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். அவளுக்கும் சிரித்திருக்கலாம் போல இருந்தது. வியாழக்கிழமை காலையிலேயே இதைச் சொல்லியிருந்தால் மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே இப்படிச் சிரித்து முடித்திருப்பார்கள். புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. திண்ணையில் கிடந்த மிக்ஸரைத் தானே கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக் கடைப் பக்கம் நடந்தான். அவள் கூடப் போகவில்லை. எதிர்த்திசையில் தையல்கடைக்குப் போனாள். அக்காவிடம் சொல்லி, அக்கா யார் யாரிடம் சொன்னாளோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு நடை நடந்தாள். அதற்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. சிலர் நம்பினார்கள். சிலர், குடும்பத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டீர்கள் போல என்று சொல்லி ஒரு மாதிரியாகத் தலையாட்டினார்கள்.

அண்ணனும் தம்பியும் கடையில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. புருஷன் சொல்லவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இருப்பதாக அவளுக்கும் தோன்றவில்லை.

புதுப் போர்டு வந்த அன்று சின்னவன் வந்தான். பூட்டு கழற்றி எறியப்பட்டிருந்தது. அதைப் பார்த்த மாதிரி அவன் காட்டிக்கொள்ளவில்லை. களிம்பை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தான். பிறகு காண்டாக்ட் கிளீனர் டப்பாவைக் குலுக்கிவிட்டு, குழலைப் பொருத்தும் முன்னால், டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"படிச்சுப் பாத்துக்குங்க அண்ணி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் குத்தல் இல்லை. வேலையில் ஒரு படி, அவ்வளவுதான் என்பது போல இருந்தது. குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அடித்து முடித்ததும், டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீங்க இங்கேயே இருங்க என்றான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிஷின் ஓடியது. மைக்செட்காரர் திரும்ப வந்துவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். பத்து நாள் கழித்துச் சின்னவன் சாப்பிடவும் வந்தான். ஆனால் அன்றைக்குத் தொற்றிய பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. யார் எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும், டப்பாவை முதலில் அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்களை நிற்க வைத்துக்கொண்டுதான் அடிப்பான். ஸ்ப்ரேக்காரனுக்குத் தொழில் சுத்தம் ஜாஸ்தி என்று தெரு அதை மெச்சிக்கொண்டது. வருகிறவர்கள் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பூவேலைக்காரி மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் அதில் எழுதியிருப்பதைக் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். அவள் முடிக்கிற வரைக்கும் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.